ஓம் என்று சொல்லும் வயர்

பட்டறைப் பக்கம்



எங்களுக்கு வந்த கடிதங்களில் ஒன்றை இம்முறை எடுத்துக்கொள்கிறோம். மார்க்கம் பக்கம் மின்சுற்றுப் பலகை பொருத்தும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து மூன்று மாதமான ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பலகைகளைச் சோதிக்கும் மேசையில் அவருக்கு வேலை. பலகையைச் சோதனைப் பெட்டியில் வைத்து மூடியை அழுத்தினால் திரையில் பச்சை வரும், அல்லது சிவப்பு வரும். சிவப்பு வந்தால் அதற்குக் கீழே "நோ அக்" என்ற சொல்லும் ஓர் இலக்கமும் வரும். அப்படி வந்ததைச் சிவப்புக் கூடைக்குள் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணை, அக் என்றால் என்ன, அந்த இலக்கம் என்ன என்று கேட்டால், உனக்கேன் அது, நீ கூடைக்குள் போடு என்கிறார்கள். எதைப் போடுகிறேன் என்று தெரிந்து போட்டால் நல்லதுதானே?" என்று கேட்டிருக்கிறார்.

நல்லதுதான் தம்பி. நாங்களும் சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள்தான். பொறியியல் படித்தவர்கள் இல்லை. மேசையில் நின்று, பழுது பார்க்கிற ரெக்னீசியன்மாரைக் கேட்டு, சிப் செய்கிற கம்பனிகள் வெளியிடும் விபரத் தாள்களைப் பார்த்து அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். இது விளங்குவதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஊரிலே கிணற்றுத் துலாவையும் பள்ளிக்கூட இடாப்பையும் கண்டவர்களுக்கு முக்கால்வாசி ஏற்கனவே தெரியும்.

இரண்டு வயரில் ஒரு தெரு

ஒரு பலகையில் பல சிப்புகள் இருக்கும். ஒன்று வெப்பத்தை அளக்கும். ஒன்று நேரத்தைக் கணக்கு வைக்கும். இன்னொன்று ஞாபகப் பெட்டி மாதிரி எழுதியதை வைத்திருக்கும். இவற்றையெல்லாம் கேட்டு வேலை வாங்குகிற மூளை மாதிரியான சிப் ஒன்றும் இருக்கும். மூளைச் சிப்பிலிருந்து ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனி வயர் இழுத்தால் பலகை முழுக்க வயராகிவிடும்.

ஒல்லாந்து நாட்டின் ஐன்ட்ஹோவன் நகரில் தொடங்கிய பிலிப்ஸ் கம்பனிக்காரருக்கு 1980களின் தொடக்கத்தில் இதே தலையிடிதான். அவர்கள் ரீவி செய்கிறவர்கள். ரீவிக்குள் சிப்புகள் கூடிக்கொண்டே போயின. 1982இல் அவர்கள் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். எல்லாச் சிப்புக்கும் பொதுவாக இரண்டே இரண்டு வயர். தெருவோடு வீடுகள் இருக்கிற மாதிரி எல்லாச் சிப்பும் அந்த இரண்டு வயரோடும் தொட்டுக்கொண்டிருக்கும். இதற்கு ஐ ரூ சீ என்று பெயர். இந்த மாதிரிப் பொது வயருக்கு இங்கே "பஸ்" என்றே சொல்கிறார்கள். நாங்கள் ஏறிப் போகிற பஸ்ஸும் இதுவும் ஒரே சொல்தான். "எல்லாருக்கும்" என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரு நேரத்தில் ஒரு துளி செய்தி வரிசையாகப் போவதால் இது தொடர் பஸ்.

இரண்டு வயரில் ஒன்று செய்தி வயர். மற்றதைத் தாள வயர் என்று சொல்லலாம். தாளம் ஒரு தட்டுத் தட்டும்போது செய்தி வயர் மேலே இருந்தால் அது ஒன்று. கீழே இருந்தால் அது சைபர். தொடக்கத்தில் வந்த வேகம் செக்கனுக்கு 100,000 தட்டு. 1992இல் 400,000 தட்டும் சேர்ந்தது. இன்றைக்கு அதைவிடக் கூடிய வேகங்களும் உண்டு. ஆனாலும் எங்கள் மேசைக்கு வருகிற பலகைகளில் அநேகமாக இந்த இரண்டு வேகம்தான்.

துலாவும் வயரும்

இனித்தான் முக்கியமான விசயம். ஒரே வயரில் பத்துப் பேர் தொட்டுக்கொண்டிருந்தால் ஒருவர் மேலே தள்ளும்போது இன்னொருவர் கீழே இழுத்துச் சண்டை வராதா? மின்சாரத்தில் அப்படி வந்தால் சிப் எரிந்துபோகும்.

வீட்டுக் கிணற்றுத் துலாவை நினைத்துப் பாருங்கள். துலாவின் அடிப்பக்கத்தில் பாரம் கட்டியிருக்கும். கயிற்றை விட்டுவிட்டால் நுனி தானாகவே மேலே போகும். தண்ணீர் அள்ளுகிறவர் கயிற்றைப் பிடித்துக் கீழே இழுக்கவேண்டும். மேலே தள்ளுகிற வேலை ஒருவருக்கும் இல்லை. ஒரே துலாவில் பத்துக் கயிறு கட்டி, பத்துப் பேர் சுற்றி நின்றாலும் சண்டை வராது. எவராவது ஒருவர் இழுத்தால் துலா கீழே வரும். எல்லாரும் விட்டால்தான் மேலே போகும்.

செய்தி வயரும் தாள வயரும் இப்படித்தான். ஒவ்வொரு வயரையும் ஒரு சின்ன றெசிஸ்ரர் மேலே, 3.3 வோல்ற்றுக்கோ 5 வோல்ற்றுக்கோ, தூக்கிவைத்திருக்கும். இதை "புல் அப்" என்று சொல்வார்கள். துலாவின் பாரம் அதுதான். சிப்புகளால் வயரைக் கீழே இழுக்கமட்டும் முடியும். பாரம் அளவாக இருக்கவேண்டும். பாரம் குறைந்தால் துலா ஆடி அசைந்து மெதுவாக மேலே போகும். அதற்குள் அடுத்த தட்டு வந்துவிடும். பாரம் கூடினால் இழுக்கிறவருக்குக் கீழே கொண்டுவரப் பலம் போதாது. 5 வோல்ற்றுப் பலகையில் வழமையான சிப் ஒன்று 3 மில்லி அம்பியர்வரை இழுக்கும். கணக்குப் பார்த்தால் றெசிஸ்ரர் ஏறத்தாழ 1,500 ஓமுக்குக் குறையக்கூடாது. பலகைகளில் நீங்கள் அதிகம் காண்பது 4,700 ஓம். (இந்த ஓம் தடையை அளக்கிற ஓம். நாங்கள் தலையாட்டிச் சொல்கிற ஓம் இனி வருகிறது.)

இடாப்புக் கூப்பிடுதல்

வகுப்பில் ஆசிரியர் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடுவார். பெயருக்குரிய பிள்ளை எழும்பிச் சத்தம் கொடுக்கும். மற்றப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் கேட்கும். ஆனால் வாய் திறக்கமாட்டார்கள்.

ஐ ரூ சீயில் ஆசிரியர் மூளைச் சிப். பெயருக்குப் பதிலாக ஒவ்வொரு சிப்புக்கும் ஏழு இடமுள்ள ஓர் இலக்கம் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் ஒன்று அல்லது சைபர். இதுதான் சிப்பின் விலாசம். தம்பியின் திரையில் வந்த இலக்கம் இதுவே. ஏழு இடத்தில் 128 விலாசங்கள் எழுதலாம். அதில் முதல் எட்டையும் கடைசி எட்டையும் விசேட வேலைகளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மிச்சம் 112. ஒதுக்கியதில் சைபர் விலாசம் "எல்லாரும் கேளுங்கள்" என்று பொதுவாகக் கூப்பிடுவதற்கு.

மூளைச் சிப் கதைக்கத் தொடங்குமுன், தாள வயர் மேலே இருக்கும்போதே செய்தி வயரைக் கீழே இழுக்கும். வழமையான செய்தியில் இப்படி நடக்காது. ஆதலால் எல்லாச் சிப்பும் இதைக் கண்டவுடன் காது கொடுக்கும். ஆசிரியர் மேசையில் பிரம்பால் தட்டுகிற மாதிரி. பின்பு ஏழு தட்டில் விலாசம் போகும். எட்டாவது தட்டில் "நான் உனக்குத் தரப்போகிறேனா, உன்னிடம் கேட்கப்போகிறேனா" என்பது போகும். சைபர் என்றால் தருவது, ஒன்று என்றால் கேட்பது.

எட்டுத் தட்டு முடிந்தது. சங்கீத வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கை தெரிந்திருக்கும். இங்கே எட்டுக்குப் பிறகு ஒன்பதாவது தட்டு ஒன்று உண்டு. அந்தத் தட்டுக்கு முன் மூளைச் சிப் செய்தி வயரைக் கையை விட்டுவிடும். வேறெவரும் தொடாவிட்டால் துலா மேலே போய்விடும். அந்த விலாசத்துக்குரிய சிப் இருந்தால், அது இந்த ஒரு தட்டுக்குமட்டும் வயரைக் கீழே இழுத்துப் பிடிக்கும். இதுதான் "அக்". எங்கள் பாசையில் சொன்னால் "ஓம்". எவரும் இழுக்காமல் வயர் மேலேயே நின்றால் அது "நோ அக்".

பிறகு எட்டெட்டுத் தட்டாகச் செய்தி போகும். ஒவ்வோர் எட்டுக்கும் பிறகு ஓர் ஓம் கேட்டுத்தான் அடுத்த எட்டு. 100,000 தட்டு வேகத்தில் ஒரு பெயர் கூப்பிட்டு மறுமொழி கேட்க 90 மைக்கிரோ செக்கன் போதும். 112 விலாசத்தையும் ஒரு முறை கூப்பிட்டு முடிக்க ஏறத்தாழ 11 மில்லி செக்கன். தம்பி மூடியை அழுத்திக் கையை எடுக்குமுன் சோதனைப் பெட்டி முழு இடாப்பையும் கூப்பிட்டு முடித்துவிடுகிறது.

பேசாமல் இருப்பதற்குப் பல காரணம்

மறுமொழி வரவில்லை என்றால் ஆள் இல்லை என்று எடுக்கக்கூடாது.

சிப் பலகையில் இல்லாமலிருக்கலாம். இருந்தும் மின்சாரம் கிடைக்காமலிருக்கலாம். பெயர் பிழையாகக் கூப்பிடப்பட்டிருக்கலாம். இவை தவிர, சிப் வேலையாக இருக்கலாம். எழுதியதை வைத்திருக்கும் ஞாபகச் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒன்றை எழுதக் கொடுத்தால் அது உள்ளே எழுதி முடிக்க ஏறத்தாழ 5 மில்லி செக்கன் எடுக்கும். அவ்வளவு நேரமும் கூப்பிட்டால் ஏனென்று கேட்காது. மூளைச் சிப் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கும். ஓம் வந்தவுடன் எழுதி முடிந்ததென்று அறியும். இந்தச் சிப்பைச் செய்கிறவர்களே விபரத் தாளில் இப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

வேறு சில சிப்புகள் வேலையாக இருக்கும்போது தாள வயரைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். "பொறுங்கோ, வாறன்" என்று கதவடியில் ஆளை நிறுத்துகிற மாதிரி. அது கையை விடுமட்டும் எல்லாரும் பொறுக்கவேண்டியதுதான்.

இன்னொரு பேசாமையும் உண்டு. மூளைச் சிப் ஒரு சிப்பிடம் கேட்டு வாங்கும்போது ஓம் சொல்லவேண்டியது மூளைச் சிப். கடைசித் துண்டை வாங்கியதும் அது வேண்டுமென்றே ஓம் சொல்லாது. "போதும், நிற்பாட்டு" என்பது அதன் பொருள். இலையில் சோறு போடுகிறவருக்குக் கையை மறித்துக் காட்டுகிறோமல்லவா, அதுபோல.

ஒரே பெயரில் இரண்டு பேர்

எங்கள் லைனில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பெரியவர், சின்னவர் என்று பிரித்துக் கூப்பிடுகிறோம். சிப்புகளிலும் இதே சிக்கல் உண்டு.

விலாசத்தின் முன்பாதியைச் சிப் செய்கிறவர் உள்ளேயே பதித்துவிடுவார். ஞாபகச் சிப்புகளுக்கு வழமையாக 1010 என்று தொடங்கும். எல்.எம். 75 என்ற வெப்பம் அளக்கிற சிப்புக்கு 1001. பின்பாதி மூன்று இடத்தை நாங்கள் தீர்மானிக்கலாம். அதற்கென்று சிப்பில் மூன்று கால்கள் இருக்கும். ஒரு காலை மேலே கட்டினால் ஒன்று, கீழே கட்டினால் சைபர். முன்பாதியைக் குடும்பப் பெயர் என்றும் பின்பாதியைப் பிள்ளையின் பெயர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று காலில் எட்டுப் பெயர். அதனால் எல்.எம். 75 சிப்புகள் எட்டை 72 முதல் 79 வரையான விலாசங்களில் ஒரே பஸ்ஸில் வைக்கலாம்.

எல்லாச் சிப்புக்கும் இந்த வசதி இல்லை. நேரம் பார்க்கிற டி.எஸ். 1307 என்ற சிப்பின் விலாசம் 104, மாற்ற முடியாது. அசைவை அளக்கிற எம்.பி.யு. 6050 என்ற சிப்பும் கால் கீழே கட்டியிருந்தால் அதே 104. மேலே கட்டினால் 105. இரண்டையும் ஒரே பஸ்ஸில் வைத்து, அந்தக் காலின் ஈயப்பற்று சரியாகப் பிடிக்காமல் விட்டால் என்ன நடக்கும்? 104 என்று கூப்பிட இரண்டும் ஒரே தட்டில் இழுக்கக்கூடும். துலா ஒரு முறைதான் கீழே வரும். கூப்பிட்டவருக்கு ஓர் ஓம் மட்டும் கேட்கும். இரண்டு பேர் சொன்னார்கள் என்று தெரியாது. பிறகு இரண்டும் சேர்ந்து மறுமொழி சொல்ல, செய்தி குழம்பிப்போகும். பச்சை விளக்கு எரிகிற பலகையில் பிழையான கணக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு மூளைச் சிப்புகள் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினாலும் வழி உண்டு. ஒவ்வொன்றும் தான் சொல்வதை வயரில் பார்த்துக்கொண்டே சொல்லும். தான் கையை விட்டும் வயர் கீழே நின்றால் வேறொருவர் கதைக்கிறார் என்று அறிந்து, உடனே விலகி நிற்கும். மற்றவரின் செய்தியில் ஓர் எழுத்தும் கெடாது. எங்கள் சங்கக் கூட்டங்களுக்கு இந்தச் சிப்பை அழைக்கலாமென்று ஒரு நண்பர் பகிடி விட்டார்.

வீட்டுக்குள் இருக்கும் பஸ்

இது தொழிற்சாலைக்குள்மட்டும் இருக்கிற சாமான் என்று நினைக்கவேண்டாம். உங்கள் ரீவியையும் பெட்டியையும் இணைக்கிற எச்.டி.எம்.ஐ. கேபிளுக்குள்ளேயே இந்த இரண்டு வயரும் ஓடுகின்றன. செருகியவுடன் பெட்டி 80 என்ற விலாசத்தைக் கூப்பிடும். ரீவிக்குள் இருக்கும் ஞாபகப் பகுதி ஓம் சொல்லி, தன்னைச் செய்த கம்பனி, செய்த ஆண்டு, எந்த அளவுப் படத்தைக் காட்டமுடியும் என்பனவற்றைச் சொல்லும். முதல் துண்டு 128 பைற். பெட்டி அதைப் பார்த்துத்தான் படத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. கேபிளில் இந்த வயர் ஒன்று அறுந்தால் ரீவி நல்லதாக இருந்தும் படம் சரியாக வராமல் போகலாம். ரீவியைக் குப்பையில் போடுமுன் வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

மடிக்கணனியின் பற்றரியும் இப்படித்தான் கதைக்கிறது. இன்ரெல் கம்பனி 1995இல் ஐ ரூ சீயைத் தழுவி எஸ்.எம். பஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. பற்றரிக்கு அதில் 11 என்ற விலாசம். அந்த முறையில் ஒரு கண்டிப்பு உண்டு. என்ன வேலையாக இருந்தாலும் தன் விலாசம் கேட்டால் ஓம் சொல்லியே ஆகவேண்டும். கழற்றிப் பூட்டுகிற பற்றரி இருக்கிறதா, இல்லையா என்பதை அந்த ஓமை வைத்துத்தான் அறிகிறார்கள்.

பெயர் மாற்றம் ஒன்று

பழைய விபரத் தாள்களில் கூப்பிடுகிற சிப்பை "எசமான்" என்றும் மறுமொழி சொல்கிற சிப்பை "அடிமை" என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் எழுதியிருப்பார்கள். பிலிப்ஸின் சிப் பகுதி 2006இல் பிரிந்து என்.எக்ஸ்.பி. என்ற தனிக் கம்பனியானது. அவர்கள் 2021இல் ஐ ரூ சீ விதிப் புத்தகத்தைத் திருத்தியபோது அந்த இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டு "கொன்ற்றோலர்", "ராகெற்" என்று போட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இரண்டு வகைச் சொல்லையும் தெரிந்துவைத்திருங்கள். பழைய தாள்கள் இன்னும் மேசைகளில் கிடக்கின்றன. நேர்முகப் பரீட்சையில் புதிய சொல்லைச் சொல்வது நல்லது.

சிவப்புக் கூடைக்குப் போகுமுன்

தம்பிக்கும் அவரைப்போல் மேசையில் நிற்கிறவர்களுக்கும் சில குறிப்புகள். முதலில் மேற்பார்வையாளரிடம் அனுமதி கேளுங்கள். நிலைமின் பட்டியைக் கையில் கட்டிக்கொண்டே பலகையைத் தொடுங்கள்.

1. ஒரு விலாசம்மட்டும் மறுமொழி சொல்லவில்லையா, எல்லாமே சொல்லவில்லையா என்று பாருங்கள். ஒன்று என்றால் அந்தச் சிப்பைப் பாருங்கள். எல்லாம் என்றால் பொது வயரையும் புல் அப் றெசிஸ்ரரையும் பாருங்கள்.

2. சிப்பின் புள்ளி அடையாளம் சரியான பக்கம் இருக்கிறதா? திருப்பிப் பொருத்திய சிப் மறுமொழி சொல்லாது.

3. பக்கத்துக் கால்கள் இரண்டு ஈயத்தால் ஒட்டியிருக்கின்றனவா? விலாசக் கால் ஒட்டியிருந்தால் சிப் வேறு பெயருக்கு மறுமொழி சொல்லும். 80 பேசாமல் 81 பேசினால் இதைச் சந்தேகியுங்கள்.

4. சிலர் ஏழு இட விலாசத்தை எழுதுவார்கள். சிலர் எட்டாவது தட்டையும் சேர்த்து எழுதுவார்கள். அப்போது 80 என்பது 160 ஆகத் தெரியும். இரண்டும் ஒரே சிப்தான். இரண்டு தாள்களில் இலக்கம் சரி இரட்டிப்பாக இருந்தால் பயப்படவேண்டாம்.

5. செய்தி வயர் கீழேயே மாட்டிக்கொண்டு நின்றால், பாதிக் கதையில் மூளைச் சிப் நின்றுபோய் மற்றச் சிப் வயரைப் பிடித்தபடி இருக்கக்கூடும். தாள வயரில் ஒன்பது தட்டுத் தட்டினால் அது கையை விடும் என்று விதிப் புத்தகமே சொல்கிறது. இது ரெக்னீசியன் செய்கிற வேலை. ஆனால் "வயர் கீழே மாட்டியிருக்கிறது" என்று கூடையில் ஒரு துண்டு எழுதிவைத்தால் அவருக்கு அரைமணித்தியாலம் மிச்சம்.

இந்த மாதிரித் துண்டு எழுதுகிறவரைத்தான் பழுது பார்க்கும் மேசைக்கு எடுப்பார்கள். நாங்கள் கண்ட அளவில், லைனிலிருந்து அந்த மேசைக்குப் போனவர்களில் பலர் எங்களைப்போலப் படிப்பை இடையில் விட்டவர்கள்தான்.

கேட்டது வேறு, விளங்கியது வேறு

கடைசியாக ஒன்று. இதை எழுதவேண்டும் என்றே இந்தக் கடிதத்தை எடுத்தோம்.

சிப் சொல்லும் ஓமுக்குப் பொருள் மிகச் சிறியது. "எட்டுத் தட்டும் வந்து சேர்ந்தது" என்பதுதான் அது. வந்தது சரியா, விளங்கியதா, செய்யலாமா என்பதெல்லாம் அதில் இல்லை. அதனால் முக்கியமான இடங்களில் அந்த ஓமைமட்டும் நம்பமாட்டார்கள். எழுதக் கொடுத்ததைத் திரும்ப வாசிக்கச் சொல்லி, கொடுத்ததும் வந்ததும் ஒன்றா என்று பார்ப்பார்கள். எஸ்.எம். பஸ்ஸில் செய்தியின் வாலில் ஒரு சரிபார்க்கும் எண்ணை ஒட்டி அனுப்புகிற வழியும் உண்டு.

எங்கள் சனம் வேலைத்தலத்தில் சொல்லும் ஓமை நினைத்துப் பாருங்கள். வந்த புதிதில் பாசை பிடிபடாது. மேற்பார்வையாளர் கெதியாகச் சொல்லிக்கொண்டு போவார். திருப்பிக் கேட்டால் வேலை தெரியாதவர் என்று நினைப்பாரோ, நாளைக்கு வரவேண்டாம் என்பாரோ என்ற பயம். ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் கூட. ஆதலால் "யெஸ், யெஸ்" என்று தலை ஆடும். சொன்னவர் அந்தத் தலையாட்டலை எழுத்தில் பதிந்துகொண்டு போய்விடுவார்.

நாங்கள் முன்பு வேலைசெய்த ஓரிடத்தில் புதிதாக வந்த அக்கா ஒருவருக்கு, சிவப்பு விளக்கு அணையுமட்டும் உருளைக்குள் கை வைக்கக்கூடாது என்று சொல்லப்பட்டது. அவர் தலையாட்டினார். சிவப்பு, கை என்ற இரண்டு சொல்தான் அவருக்கு விளங்கியிருந்தது. அன்று பின்னேரமே இரண்டு விரல் நசிந்தது. விசாரித்தபோது, பயிற்சி கொடுத்தாயிற்று, அவர் ஓம் என்றார், இதோ கையெழுத்து என்று தாளைக் காட்டினார்கள். திரும்பச் சொல்லிக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்ராறியோவில் வேலை செய்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தொழில் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் எங்களுக்கு மூன்று உரிமை தந்திருக்கிறது. வேலையில் உள்ள ஆபத்துகளை அறியும் உரிமை. பாதுகாப்பு விசயங்களில் பங்கெடுக்கும் உரிமை. ஆபத்தானது என்று நியாயமாக நம்பினால் அந்த வேலையைச் செய்ய மறுக்கும் உரிமை. இப்படிக் கேட்டதற்காகத் தண்டிப்பதும் சட்டப்படி குற்றம். 2014 யூலை 1 முதல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அடிப்படைப் பாதுகாப்பு அறிவுப் பயிற்சி கொடுக்கவேண்டும் என்ற விதியும் நடைமுறையில் உள்ளது. வேறு மாகாணங்களிலும் நாடுகளிலும் உள்ளவர்கள் உங்கள் இடத்துச் சட்டத்தை விசாரித்து அறியுங்கள்.

ஆகவே, புதிய பொறியில் நிறுத்தினால் ஓம் என்று சொல்லுமுன் விளங்கியதை நீங்களே திரும்பச் சொல்லிக் காட்டுங்கள். ஆங்கிலம் உடைந்தால் உடையட்டும். கையால் காட்டிச் சொன்னாலும் போதும். "இந்த விளக்கு அணைந்தால், அதற்குப் பிறகு கை. சரியா?" என்று கேட்க நாலு சொல் போதும். பக்கத்தில் எங்கள் ஆள் நின்றால் தமிழில் சொல்லித்தரக் கேளுங்கள். விளங்காத தாளில் அந்த இடத்திலேயே கையெழுத்து வைக்கவேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லுங்கள். பழைய ஆட்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வந்த பிள்ளை தலையாட்டினால் அதோடு விட்டுவிட்டுப் போகாதீர்கள். "நான் என்ன சொன்னனான், சொல்லு பார்ப்பம்" என்று ஒரு முறை கேளுங்கள். ஒரு நிமிடம்கூடச் செல்லாது.

அடுத்த இதழில், வீட்டுச் சுவரில் தொங்கும் வெப்பம் கட்டுப்படுத்தும் பெட்டி எப்படி வேலை செய்கிறது, பனிக்காலத்தில் அதை எப்படிப் பாவித்தால் பில் குறையும் என்பதைப் பார்ப்போம். உங்கள் வேலைத்தலத்தில் விளங்காத சொல், விளங்காத பொறி ஏதும் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். எங்களுக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேட்டு எழுதுவோம்.